வானளாவிய கட்டடம் ஒன்றின் வடிவமைப்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி: காரப்பாக்கம் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். காரப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஒரு தெருவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருவுக்கும் சாலைக்கும் நடுவே இதுவரை சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த மனையில் 55 மாடிக் குடியிருப்புக் கோபுரம் ஒன்று வரவிருப்பதாகவும், அதன் உயரம் 200 மீட்டரை நெருங்கும் என்றும் சென்ற ஞாயிற்றுக்கிழமை கட்டுநர் தரப்பினர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தாரைக் கூட்டிச் சொன்னார்கள். காப்பியும் சமோசாவும் கொடுத்து, சுவர் நிறைய வண்ணப் படங்களை ஓட்டிக் காட்டி, எங்கள் கருத்தைக் கேட்டார்கள்.

கருத்துச் சொல்வதற்கு எங்கள் தெருவில் ஆள் பஞ்சமில்லை. துபாய்க்கே போய்வந்தது போல இருக்கிறது என்றார் சங்கப் பொருளாளர். தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கண்ணாடித்தாள் ஒட்டியது போல இருக்கிறது என்றார் எதிர்வீட்டு அம்மையார். இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கோ இரண்டு பக்கமும் தலையாட்டத் தோன்றியதே தவிர, எந்தப் பக்கம் நியாயம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒரு செய்யுளைக் கொடுத்தால் எங்கே தளை தட்டுகிறது, எந்த அடை வெறுமனே இடம் நிரப்புகிறது என்று என்னால் காட்ட முடியும். அது என் ரசனை மட்டுமன்று, யாப்பு தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வார். இவ்வளவு உயரமான கட்டடத்துக்கு அப்படி ஓர் இலக்கணம் உண்டா, அல்லது அவரவர் கண்ணுக்குப் பட்டதுதானா?

படங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாம் மாலை மயங்கும் வேளையில் எடுத்தவை போல இருந்தன. கோபுரத்தின் காலடியில் கோட்டு அணிந்தவர்கள் கையில் காகிதக் கோப்பையுடன் நடந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் லாரி ஒன்றுகூட இல்லை. இந்தச் சாலையில் அது எப்படிச் சாத்தியம் என்று எனக்கு விளங்கவில்லை. சன்னல்கள் எங்கே திறக்கும் என்று கேட்டேன். முழுக் கண்ணாடி என்றார்கள். பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றுக்கு வழி இல்லாததை அந்தப் பெயரால் அழைக்கலாமா என்பது என் தனிக் குறை, அதை விடுங்கள்.

அடுத்த கூட்டம் மூன்று வாரம் கழித்து. அதற்குள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று துறை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.


பதில்: விசைக்கணக்கு

ஐயா, வணக்கம். கட்டமைப்புப் பொறியாளராக நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரசனையா இலக்கணமா என்று கேட்டீர்கள். நாலு மாடி வீட்டில் ரசனை முதலில் பேசலாம். 200 மீட்டரில் காற்றுதான் முதலில் பேசும், மற்றவர்கள் அது முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பெங்களூருக்கு அது 33 மீட்டர்தான். ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் காற்றழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால் அதே சுவரின்மீது சென்னையில் விழும் அழுத்தம் பெங்களூரில் விழுவதைப் போல இரண்டேகால் மடங்குக்கும் கூடுதல். இது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கான கணக்கு. மேலே போகப்போக வேகம் இன்னும் கூடும். ஆகவே வேறோர் ஊரில் நன்றாக நிற்கும் கோபுரத்தின் வடிவத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவருவது, மதுரைக்குத் தைத்த சட்டையை உதகைக்கு மாட்டிக்கொண்டு போவது போல.

நேராக வந்து மோதும் காற்றைவிடப் பக்கவாட்டில் நடப்பதுதான் எங்களை அதிகம் தூங்கவிடாது. கட்டடத்தைக் கடக்கும் காற்று அதன் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. ஒரு முறை இடப்புறம், மறு முறை வலப்புறம். அந்தத் தாளம் கட்டடத்தின் சொந்த ஆட்டத்தின் தாளத்தோடு பொருந்திவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் சிறு விரலால் தள்ளுவது போல, மிதமான காற்றே பெரிய ஆட்டத்தை உண்டாக்கும். இதைத் தவிர்க்க இரும்பையும் கான்கிரீட்டையும் கொட்டலாம். அது பணத்தால் செய்யும் வழி. அந்தத் தாளத்தையே கலைக்கும் வடிவத்தைத் தேர்வது அறிவால் செய்யும் வழி. தைபே 101 கட்டடத்தின் நான்கு மூலைகளையும் கூர்மையாக விடாமல் படிபோல வெட்டினார்கள். அந்த ஒரு திருத்தத்தால் அடித்தளத்துக்கு வரும் காற்று விசை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா மேலே போகப்போக வெவ்வேறு உயரத்தில் ஒவ்வொரு சிறகாகச் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு உயரத்திலும் அகலம் மாறுவதால் சுழல்கள் ஒன்றுகூடி ஒரே தாளத்தில் அடிக்க முடிவதில்லை. ஷாங்காய் கோபுரம் அடியிலிருந்து நுனிவரை 120 பாகை முறுக்கிக்கொண்டு ஏறுவதும் இதே காரணத்தால்தான். வேறு ஊர்களில் முறுக்கிய கோபுரங்கள் நிறைய வந்துவிட்டன. எது காற்றுக்காக முறுக்கியது, எது விளம்பரத்துக்காக முறுக்கியது என்று தெரிய ஒரே வழி, காற்றுச் சுரங்கச் சோதனை, அதாவது கட்டடத்தின் சிறு மாதிரியைச் செய்து அதன்மீது காற்றை வீசவிட்டு அளக்கும் சோதனை, எப்போது செய்தீர்கள் என்று கேட்பதுதான். வடிவத்தை முடிவு செய்தபின் செய்தோம் என்றால் அது சான்றிதழ் வாங்கச் செய்த சோதனை. அந்தச் சோதனையால் வடிவத்தில் என்ன மாறியது என்பதற்கு அவர்களிடம் ஒரு பதிலாவது இருக்க வேண்டும்.

இன்னொன்று. நம் தரங்களின்படி காற்றில் கட்டடத்தின் உச்சி நகரும் தூரம் உயரத்தில் 500இல் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். உங்கள் கோபுரத்துக்கு அது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அவ்வளவு நகர்ந்தாலும் கட்டடம் விழாது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டுமா புரட்டாதா என்பது தூரத்தைவிட முடுக்கத்தைப் பொறுத்தது. நியூயார்க்கில் 432 பார்க் அவென்யூ என்ற குடியிருப்பு அகலத்தைப்போல் பதினைந்து மடங்கு உயரம் கொண்டது. காற்று ஊடுருவிப் போவதற்காகவே ஆங்காங்கே தளங்களைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அப்படியும் ஆட்டத்தைப் பற்றிக் குடியிருப்போர் புகார் செய்தார்கள். அழகான பென்சில்தான், பென்சிலுக்குள் யாரும் உறங்குவதில்லை.

உங்கள் தெருவைப் பற்றியும் ஒரு சொல். கடற்காற்று அந்த உயரமான கிழக்கு முகத்தில் மோதினால் ஒரு பகுதி மேலேயும் பக்கத்திலும் போகும், ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கி உங்கள் தெருவில் விழும். அதைத் தடுக்கத்தான் கோபுரத்தின் அடியில் நாலைந்து மாடிக்கு அகலமான போடியம் வைப்பார்கள்; இறங்கும் காற்று அதன் கூரையில் விழுந்து சிதறிவிடும். படத்தில் போடியம் இருக்கிறதா என்று பாருங்கள்.


பதில்: வரைபலகை

விசைக்கணக்கு ஐயா சொன்ன காற்றைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. போடியத்தைப் பற்றித்தான் ஒரு மறுப்பு. நான் கட்டட வடிவமைப்பாளராகப் பணிபுரிகிறேன். அந்தச் சாலையில் போடியம் என்றால் என்னவென்று தினமும் பார்க்கிறேன். நான்கு மாடிக் கார் நிறுத்தம், வெளியே அலுமினியப் பட்டைகள், சாலையோடு நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கதவுகூட இல்லாத சுவர். காற்றைச் சிதறடிக்கும், தெருவையும் சேர்த்துச் சிதறடிக்கும். போடியம் வேண்டும் என்றால் அதன் தெருப்பக்க ஓரத்தில் கடையோ, மருந்தகமோ, பேருந்துக்கு நிற்பவர் ஒதுங்கும் நிழலோ ஒரு வரிசை வைத்துவிட்டுக் கார்களை அதற்குப் பின்னால் தள்ளலாம். சில கார்களுக்கு இடம் குறையும், குறையட்டும்.

ஐயா, 55 மாடிக் கட்டடத்தை மதிப்பிட 55 மாடியையும் பார்க்க வேண்டியதில்லை. முதல் 6 மீட்டரைப் பாருங்கள். ஊரில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தை அனுபவிக்கப்போவது அவ்வளவுதான். எலிவேஷன் படம், அதாவது கட்டடத்தின் வெளிமுகத்தை நேராகக் காட்டும் படம், அதைச் சொல்லாது. தரைத்தளப் பிளானைக் கேளுங்கள். நடந்து வருபவருக்கு ஒரு வழி இருக்கிறதா, அல்லது கார் ஏறும் சரிவின் ஓரமாக, செக்யூரிட்டி கூண்டைத் தாண்டி, ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டுமா? தண்ணீர் லாரி எங்கே நின்று, எந்தத் தொட்டியில் குழாயைச் செருகும்? (நீங்கள் சொன்னது சிரிப்புக்காக என்றாலும் அது சரியான கேள்வி. ஐம்பது மாடிக்கு ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவை நிற்க இடம் வரைபடத்தில் இல்லை என்றால் அவை உங்கள் தெருவில் நிற்கும்.) உணவு கொண்டுவரும் பையன்கள் வண்டியை எங்கே விடுவார்கள்? வீட்டுவேலைக்கு வருபவர்களுக்குக் கழிப்பறை எந்தத் தளத்தில்? இவற்றையெல்லாம் வரைபடத்திலேயே யோசித்து முடித்தவர் மேலே எந்த வடிவத்தை வைத்தாலும் அவரை நான் மதிப்பேன்.

அடுத்தது வெயில். இதில் சென்னைக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. மும்பையில் கடலும் காற்றும் மேற்கே. பிற்பகல் வெயிலும் பருவமழையும் வருவதும் அதே மேற்கிலிருந்து. வேண்டியதும் வேண்டாததும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. அந்தச் சிக்கலுக்குக் கட்டட வடிவமைப்பாளர் சார்லஸ் கொரியா கொடுத்த விடைதான் 1983இல் முடிந்த காஞ்சன்ஜங்கா அடுக்ககம். மூலைகளை இரண்டு மாடி உயரத்துக்குக் குடைந்து தோட்டத் திண்ணைகள் ஆக்கி, வெயிலும் சாரலும் அங்கேயே தங்கிவிட, காற்றும் காட்சியும் மட்டும் வீட்டுக்குள் வரும்படி செய்தார். 84 மீட்டர்தான் உயரம். இன்றைய கணக்கில் அது சிறு பையன், ஆனாலும் மாணவர்கள் இன்னும் அதை வரைந்து பழகுகிறார்கள். சென்னையில் நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. கடலும் காற்றும் கிழக்கே. கொடிய வெயில் மேற்கே. கிழக்கைத் திறந்து மேற்கை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் கிழக்குத் திறப்புகளுக்கு ஆழமான ஒதுக்கம் கொடுக்க வேண்டும்.

தெற்கிலும் வடக்கிலும் வெயில் உயரமாக நிற்பதால் சாதாரண சன்ஷேடே போதும். நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது என்பதால் வடக்குச் சன்னலுக்கும் ஒரு நிழல் தேவை. வடநாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைபவர்கள் இதை மறந்துவிடுவார்கள். மேற்கில் சன்ஷேடு உதவாது. நாலு மணி வெயில் தாழ வந்து நேருக்கு நேர் கண்ணில் குத்தும். அங்கே சன்னலைச் சுருக்க வேண்டும், அல்லது செங்குத்துப் பட்டைகள் வேண்டும், அல்லது லிப்ட், படிக்கட்டு, குளியலறை போன்றவற்றை அந்தப் பக்கம் தள்ளி அவற்றை ஒரு கேடயமாக்க வேண்டும். ஆகையால் நான் எந்த உயரக் கட்டடத்தைப் பார்த்தாலும் முதலில் சுற்றிவருவேன். நான்கு முகமும் ஒரே மாதிரி இருந்தால், சூரியன் எந்தப் பக்கம் மறையும் என்று வரைந்தவர் கேட்டுக்கொள்ளவில்லை என்று பொருள். அதன் விலையைக் குடியிருப்பவர் மாதாமாதம் மின்கட்டணமாகக் கட்டுவார்.

கண்ணாடியைப் பற்றி ஒரு கதை. இலண்டனில் 20 ஃபென்சர்ச் தெரு என்ற கட்டடத்தின் தெற்கு முகம் உட்குழிந்த வளைவு. 2013இல் கட்டிக்கொண்டிருந்தபோதே அந்தக் குழிவு வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கிவிட்டது. பிறகு தடுப்புப் பட்டைகள் வைத்தார்கள். விசைக்கணக்கு ஐயா சொன்ன நியூயார்க் பென்சிலை வரைந்த ரஃபயேல் வினோலிதான் இதையும் வரைந்தவர். இலண்டன் வெயிலே கார் உருக்கினால் கத்திரி வெயிலுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.


பதில்: 31ஆம் மாடி

வரைபவர்களும் கணக்குப் போடுபவர்களும் சொன்னபின், உள்ளே குடியிருப்பவன் என்ற முறையில் நானும் சில சொல்கிறேன். உங்கள் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, அதே சாலையில், ஓர் அடுக்ககத்தின் 31ஆம் மாடியில் இருக்கிறேன். பெயர் வேண்டாம்.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் கரையைக் கடந்தபோது கூடத்தில் என் தாயாரின் ஊஞ்சல் ஆளில்லாமல் ஆடியது. வேகமாக அன்று, சங்கிலியின் கொக்கி மட்டும் மெல்லக் கிறீச்சிடும் அளவுக்கு. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கந்த சஷ்டி கவசம் சொல்லி முடித்தார். கட்டடம் விழுமோ என்று பயந்த நாங்கள் ஏமாந்தது வேறிடத்தில்: நகர்த்தும் கண்ணாடிக் கதவின் கீழ்த்தடம் வழியாக மழைநீர் மேல்நோக்கி ஏறி உள்ளே வந்தது. தண்ணீர் கீழேதான் போகும் என்று யார் சொன்னது? அந்த உயரத்தில் காற்றழுத்தம் அதை எந்தப் பக்கமும் தள்ளும். பாயும் போர்வையும் போட்டு இரவு முழுவதும் அடைத்தோம். கதவு, சன்னல் சட்டங்களை எந்த அழுத்தத்துக்கு நீர்க்கசிவுச் சோதனை செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய இடம் என்பதால் வெளிப்புறத் திருகாணிகள் எந்த உலோகம் என்றும் கேளுங்கள். எங்களுடையவை ஐந்தாம் ஆண்டே துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இழுத்துவிட்டன.

ஜெனரேட்டரும் மின்பலகையும் எந்தத் தளத்தில் என்பது அதைவிட முக்கியம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதி என்ன ஆனது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். எங்கள் கட்டடத்தில் அவை அடித்தளத்தில் இருந்தன. தண்ணீர் புகுந்ததும் லிப்ட் நின்றது, பம்ப் நின்றது, குழாய் வறண்டது. எழுபத்தெட்டு வயது அம்மாவுடன் 31 மாடி உயரத்தில் மூன்று நாள் இருந்தோம். கீழ்வீட்டுப் பிள்ளைகள் படியேறிப் பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் காட்சி மிக அழகாகத்தான் இருந்தது.

லிப்ட் எத்தனை என்று கேட்காதீர்கள், காலை எட்டே முக்காலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். குப்பை எந்த லிப்டில் இறங்கும், இறந்தவரை எந்த லிப்டில் இறக்குவார்கள் என்றும் கேளுங்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே நேராகப் போகாத லிப்டை நான் பார்த்திருக்கிறேன். தேசியக் கட்டட விதிப்படி 24 மீட்டருக்கு மேலே குறிப்பிட்ட இடைவெளியில் தீ விபத்தின்போது ஒதுங்கி நிற்கும் திறந்த இடம் வைக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் அது இருக்கிறது. இரண்டு சைக்கிள், ஒரு பழைய மெத்தை, ஒரு துளசித் தொட்டி, யாருடையது என்று தெரியாத ஒரு நடைப்பயிற்சி இயந்திரம் ஆகியவையும் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் பொருள் வைக்க ஒரு சிற்றறை வரைந்திருந்தால் அங்கே அவை வந்திருக்காது என்பது என் எண்ணம்.


பதில்: கலங்கரை

எல்லோரும் கழிப்பறையையும் லாரியையும் பற்றியே பேசினால் எப்படி? அவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு கட்டடம் பார்க்கச் சகிக்காமல் இருக்கலாம். அதைப் பற்றியும் யாராவது வாய் திறக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஆசிரியர் ஐயாவின் கேள்வியில் "இலக்கணம்" என்ற சொல் இருந்தது. நம்மிடம் உயரக் கட்டடத்துக்கு ஏற்கெனவே ஓர் இலக்கணம் இருக்கிறது. கோபுரத்தைப் பாருங்கள். 1987இல் முடிந்த திருவரங்கத்து ராஜகோபுரம் 13 நிலை, ஏறத்தாழ 72 மீட்டர். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடச் சற்றுக் குறுகி, சற்றுக் குட்டையாகி ஏறுவதால் கண் நடுவில் எங்கும் தடுக்குவதில்லை. அடியில் கல், மேலே செங்கல்லும் சுதையும். கனமானது கீழே, இலேசானது மேலே என்பது பார்த்த உடனே தெரிகிறது. நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வாயில்கள் அளவு சொல்கின்றன, ஓர் ஆள் உயரம் எவ்வளவு என்று கண்ணால் அளந்துகொள்ள முடிகிறது. உச்சியில் கலசங்கள், இதோ முடிந்தது என்கின்றன. தொலைவில், கிட்டத்தில், வாசலில் என்று மூன்று தூரத்திலும் அதற்குச் சொல்ல வேறு வேறு செய்தி இருக்கிறது. இன்றைய கண்ணாடிக் கோபுரங்களில் பல, ஐந்து கிலோமீட்டரிலும் ஐம்பது மீட்டரிலும் ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன. சுதைச் சிற்பம் ஒட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒட்டிய கல்யாண மண்டபங்கள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்களின் தரைப்பிளான் இசுலாமிய எண்கோண விண்மீன் வடிவத்திலிருந்து பிறந்தது. வெளியே ஒட்டாமல் உள்ளேயே வைத்தார் அவற்றை வடிவமைத்த சீசர் பெல்லி. அந்த வழியைச் சொல்கிறேன்.

நம் ஊரிலேயே பாருங்கள். உயர் நீதிமன்றத்தின் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக எரிந்தது. உயரத்துக்கு ஒரு வேலை இருந்தது. 1959இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம் வெறும் 54 மீட்டர். இலண்டன் வடிவமைப்பாளர்கள் தொடங்கியதை எல்.எம். சித்தாலே முடித்தார். அதைவிட உயரமான கட்டடங்கள் இன்று எத்தனையோ. ஆனாலும் ஊரிலிருந்து முதல்முறை வந்து இறங்கும் ஒருவரிடம் மவுண்ட் ரோடு எங்கே என்றால் அதைத்தான் காட்டுவோம். தனித்து நின்றதால் வந்த பெருமை அதில் பாதி என்று ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி, அதை ஒரு குழந்தை நினைவிலிருந்து வரைய முடியும் என்பதால்.

ஆகவே என் கேள்வி ஒன்றே: அந்தக் கோபுரத்தின் உச்சி என்ன செய்கிறது? பல கட்டடங்கள் முடிவதில்லை, நின்றுவிடுகின்றன. வேறு சில, ஆள் புழங்காத கம்பத்தை நட்டு உயரக் கணக்கில் சேர்க்கின்றன. புர்ஜ் கலீஃபாவிலேயே மேலுள்ள 244 மீட்டரில் குடியிருக்க ஒரு தளமும் இல்லை.


பதில்: காரப்பாக்கம் ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. 31ஆம் மாடி நண்பரின் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வரைபலகை அவர்கள் சொன்னபடி தரைத்தளப் பிளானையும், மாதிரித் தளம் ஒன்றின் பிளானையும் கேட்டேன். முதலில் தயங்கினார்கள், சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுத்ததும் தந்தார்கள். மேசையில் விரித்து, பேரனின் அடிக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போடியம் இருக்கிறது, ஐந்து மாடி, முழுவதும் கார். தண்ணீர் லாரிக்கு இடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மின்பலகை அறை முதல் அடித்தளத்தில். மூலைகள் கத்திபோல் கூர்மை.

ஆனால் என்னைத் திகைக்க வைத்தது வேறு. வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறியைத் தேடிக் கண்டுபிடித்துத் தாளைத் திருப்பி வைத்தபோதுதான் தெரிந்தது. சாலை மேற்கே இருப்பதால் கோபுரத்தின் முகம் மேற்கே. கூடங்கள், படுக்கையறைகள், முழுக் கண்ணாடி எல்லாம் சாலையைப் பார்த்து மேற்கில். கால்வாயையும் கடலையும் பார்க்கும் கிழக்கில், எங்கள் தெருவை நோக்கி, படிக்கட்டு, குழாய் ஷாஃப்ட், சமையலறைத் துவைப்பு மாடம், ஏசி வெளிப்பெட்டிகள். கூட்டத்தில் காட்டிய படங்கள் அத்தனையும் சாலையிலிருந்து பார்த்தவை என்பது அப்போதுதான் உறைத்தது. முதுகின் படம் ஒன்றுகூட இல்லை.

இந்த நிலையில் லிப்டையும் படிக்கட்டையும் மொத்தமாக மேற்கே மாற்றுங்கள் என்று கேட்கலாமா? அது நடக்கக்கூடிய காரியமா?


பதில்: விசைக்கணக்கு

மொத்தமாக ஓரத்துக்குத் தள்ளச் சொல்லாதீர்கள், ஐயா. லிப்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவர்கள்தான் கட்டடத்தின் முதுகெலும்பு. அதை ஒரு பக்கமாக வைத்தால் காற்றிலும் நிலநடுக்கத்திலும் கட்டடம் சாய்வதோடு முறுக்கவும் செய்யும். சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது என்பதையும் மறக்க முடியாது. நடுவில் இருப்பது நடுவிலேயே இருக்கட்டும். அவர்கள் ஒத்துக்கொள்ள வாய்ப்புள்ள கோரிக்கை வேறு: குளியலறை, துவைப்பு மாடம், ஏசி பெட்டி ஆகியவற்றை மேற்குக்கும், கூடத்தையும் படுக்கையறையையும் கிழக்குக்கும் மாற்றச் சொல்லுங்கள். கம்பி கட்டுவதற்கு முன் இது தாளில் செய்யும் வேலை. மூலைகளை ஒன்றிரண்டு மீட்டர் வெட்டினால் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று அவர்களுடைய பொறியாளரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பில்டருக்குப் புரியும் மொழி அது.


பதில்: வரைபலகை

ஒத்துக்கொள்கிறேன். சாலைப் பக்கம் முகமில்லாமல் போய்விடும் என்று விற்பனைப் பிரிவு அலறும். அதற்குச் செங்குத்துப் பட்டைகளாலேயே மேற்கு முகத்தை வரையலாம். கலங்கரை கேட்கும் நினைவில் நிற்கும் வடிவம் அங்கிருந்தே கிடைக்கவும் கூடும். அடுத்த கூட்டத்தில் மூன்று தாள் மட்டும் கேளுங்கள்: உங்கள் தெருவில் நின்று பார்த்த படம், மே மாதம் பிற்பகல் நான்கு மணிக்கு எந்தச் சுவரில் எவ்வளவு வெயில் என்ற படம், அந்த நேரத்தில் கோபுரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்ற படம். கடைசிப் படத்தை வாங்காமல் வராதீர்கள். மாலை வேளையில் நிழல் உங்கள் பக்கம்தான் விழும். வெக்கைக்கு நல்லதுதான். ஆனால் தெருவில் எத்தனை வீட்டு மொட்டைமாடியில் சோலார் பலகை இருக்கிறது என்று போகும்முன் எண்ணிக்கொண்டு போங்கள்.


பதில்: காரப்பாக்கம் ஆசிரியர்

எண்ணிவிட்டேன். பதினொன்று. அதில் ஒன்று, துபாயைப் போல இருக்கிறது என்று சொன்ன எங்கள் பொருளாளருடையது. அவரும் இந்த முறை என்னோடு முன்வரிசையில் உட்காருகிறேன் என்கிறார்.